ஆடிப் பட்டம் வந்துவிட்டது: எதை விதைக்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்?

வீட்டுத் தோட்டம் - வாசகர் கேள்வி பதில்

ஆடி இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, இதுவரை ஒரு செடிகூட வைத்திராதவர்கள் எழுதியவை. படிக்கப் படிக்க மகிழ்ச்சியாக இருந்தது. பழகிய கைகளின் கேள்விகளைப் புரட்டாசி இதழுக்கு ஒதுக்கிவைத்துவிட்டேன். இம்முறை புதியவர்களுக்கு மட்டும்.

சொந்த வீட்டுக்குக் குடிவந்து ஓராண்டு ஆகிறது. மாடி முழுவதும் காலியாக இருக்கிறது. கடையில் நாற்பது பைகள், மண்கலவை, விதை, தெளிப்பான் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகத் தருகிறார்கள். வாங்கிவிடலாமா?
- வாசகி, உறையூர், திருச்சி

வேண்டாம் அம்மா. ஆறு பைகள் போதும். நாற்பது பைகளுக்குக் கோடையில் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுவது ஒரு முழுநேர வேலை. நான்கு நாள் ஊருக்குப் போவதென்றால் ஆள் தேட வேண்டும். ஆறு பையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகப் போய்வரலாம்.

பை வாங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியைக் கவனியுங்கள். காலை எட்டு மணி, பதினொரு மணி, பிற்பகல் இரண்டு, நான்கு என்று ஏறிப்போய், நிழல் விழும் ஓரத்தைச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழலும் அடுத்த வீட்டுச் சுவரின் நிழலும் எவ்வளவு இடத்தைத் தின்கின்றன என்பது அன்றைக்குத்தான் தெரியும். ஆறு மணி நேரம் நேர்வெயில் படுகிற இடம் காய்கறிக்கு. மூன்று நான்கு மணி நேரம்தான் படும் என்றால் அது கீரைக்கும் புதினாவுக்கும். புதியவர்கள் செடி சோர்ந்தால் உடனே உரக்கடைக்கு ஓடுகிறார்கள். எனக்கு வரும் கடிதங்களைப் பார்த்தால், உரக்குறைவால் செத்த செடிகள் மிகக் குறைவு. வெயில் போதாமல், மாதம் தவறி, தண்ணீர் மிஞ்சிச் செத்தவையே அதிகம்.

அடுத்து உங்கள் சமையலறையைப் பாருங்கள். வாரந்தோறும் எதை வாங்குகிறீர்களோ அதைத்தான் முதலில் வைக்க வேண்டும். வீட்டில் யாரும் தொடாத காய் எவ்வளவு நன்றாகக் காய்த்தாலும் மாடி ஏறும் ஆசை ஒரு மாதத்தில் போய்விடும். உங்கள் வீட்டுப் பழக்கம் எனக்குத் தெரியாது என்பதால் பொதுவாகச் சொல்கிறேன். இரண்டு அகலமான பைகளில் சிறுகீரையும் அரைக்கீரையும், இரண்டு பைகளில் வெண்டை, ஒன்றில் கொத்தவரை, ஒன்றில் மிளகாய். கீரைக்கு அரை அடி ஆழம் போதும், அகலம்தான் வேண்டும். மற்றவற்றுக்கு ஓரடி ஆழம், பைக்கு இரண்டு செடி. சிறுகீரை ஏறத்தாழ 25 நாளில் வேரோடு பிடுங்கும் பருவத்துக்கு வந்துவிடும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். வெண்டை விதைத்து ஏறத்தாழ 45 நாளில் காய் பறிக்கலாம். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான்கு வெண்டைச் செடியில் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தால் கைக்கு நான்கைந்து காய்தான் வரும். அது சாம்பாருக்கு ஆகும், பொரியலுக்கு ஆகாது. பொரியல் வேண்டுமென்றால் பத்துச் செடியாவது வேண்டும். அதை அடுத்த பட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

மண்கலவையை விலைக்கு வாங்காதீர்கள். செம்மண் ஒரு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. நார்த்தூள் கட்டியை ஊறவைத்து, சிவந்த தண்ணீரை இரண்டு முறையாவது வடித்துவிட்டே சேர்க்க வேண்டும். அதில் உப்பு இருக்கும். தொழு உரத்தை முகர்ந்து பாருங்கள். சாண வாடை அடித்தால் இன்னும் மட்கவில்லை, வேர்ப்புழுவும் கூடவே வரும். கலவையை ஈரமாக வைத்து ஒரு வாரம் பத்து நாள் கழித்து விதையுங்கள். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித் தோட்டத் தொகுப்பு வழங்குவதுண்டு. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

கீரை விதை தூவினேன். பாதி முளைக்கவே இல்லை. முளைத்தவையும் ஒரே இடத்தில் கொத்தாக நிற்கின்றன.
- வாசகர், விருத்தாசலம்

கீரை விதை கடுகைவிடச் சிறியது. ஒரு பங்கு விதைக்கு ஐந்தாறு பங்கு மணல் கலந்து தூவினால் சீராக விழும். மேலே மண்ணை மூடாமல், கையால் லேசாகத் தடவிவிட்டுப் பூவாளியால் தெளியுங்கள். வாளியோடு ஊற்றினால் விதையெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். உங்கள் கொத்துக்குக் காரணம் அதுதான். முளைக்காத பாதியை எறும்பு இழுத்திருக்கும். பையைச் சுற்றி மஞ்சள்தூளோ சாம்பலோ தூவுங்கள்.

மாடியில் செடி வைத்தால் தளம் ஒழுகும், வீடு பாழாகும் என்று என் மாமியார் சொல்கிறார். அவர் பேச்சை மீறவும் மனமில்லை, ஆசையை விடவும் மனமில்லை.
- வாசகி, தஞ்சாவூர்

உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வீட்டைக் கட்டிக் காப்பாற்றியவர்களுக்கு அந்தக் கவலை இருக்கத்தான் செய்யும். அவர் கவலைக்குப் பதில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், அவரே கீரை கிள்ள வருவார்.

தளத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பைக்கு அடியில் நாள்கணக்கில் காயாமல் நிற்கும் ஈரம். பையைத் தரையில் வைக்காதீர்கள். செங்கல் மீது பலகையோ இரும்புச் சட்டமோ போட்டு, துடைப்பம் நுழையும் உயரத்தில் வையுங்கள். மழைநீர் வடியும் துளைக்கு அருகே எதையும் வைக்கக் கூடாது. ஏற்கெனவே ஒழுகும் தளமென்றால் முதலில் கொத்தனாரை அழைத்துச் சரிசெய்யுங்கள், பிறகு செடி. பளுவைப் பொறுத்தவரை, 20 லிட்டர் பையில் வெறும் மண்ணை நிரப்பி நனைத்தால் ஏறத்தாழ 30 கிலோ வரும். நார்த்தூளும் உரமும் கலந்தால் வெகுவாகக் குறையும். கனமான தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ உத்தரமோ தாங்கும் ஓரமாக வரிசையாக வையுங்கள். பழைய ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்டதா, மரக்கட்டைகள் மீது செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்ட அந்தக் கால மெட்ராஸ் ஒட்டுத் தளமா என்பதையும் மாமியாரிடமே கேளுங்கள். மெட்ராஸ் ஒட்டு என்றால் பொறியாளர் ஒருவர் பார்க்காமல் பை ஏற்றாதீர்கள்.

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு. வடக்குப் பார்த்த பால்கனி மட்டும்தான் இருக்கிறது. எதுவும் வளராது என்கிறார்கள்.
- வாசகர், பெரம்பூர்

வளரும், மாதம் பார்த்து வைத்தால். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஆகவே வைகாசி, ஆனி, ஆடியில் உங்கள் பால்கனிக்கு வெயில் வரும். மார்கழியில் எட்டிக்கூடப் பார்க்காது. இப்போது சிறுகீரையும் கொடிப் பசலையும் வையுங்கள். புரட்டாசிக்குப் பிறகு புதினா, கற்பூரவல்லி என்று நிழல் தாங்குபவற்றோடு நின்றுகொள்ளுங்கள். தக்காளிக்கும் கத்தரிக்கும் ஆசைப்பட வேண்டாம். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், டெங்கு கொசுவுக்கு அந்த அளவே தாராளம்.

சுரைக்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது. ஒரு காய்கூட நிற்கவில்லை. பிஞ்சு விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. உரம் போட்டும் பயனில்லை.
- வாசகி, ஈரோடு

இந்தக் கேள்வி ஒவ்வொரு ஆண்டும் வருகிறது. ஒவ்வொரு ஆண்டும் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் கொடிக்காய் அனைத்தும் கைவசமாகிவிடும்.

சுரை, பீர்க்கு, புடல், பாகல், பூசணி, வெள்ளரி எல்லாவற்றிலும் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. முதலில் ஆண் பூக்கள்தான் வரும். ஒல்லியான காம்பின் நுனியில் பூ மட்டும் இருந்தால் ஆண். பூவுக்கு அடியில் கட்டைவிரல் அளவு குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருந்தால் பெண். தொடக்கத்தில் ஆண் பூக்களாகவே உதிர்வது இயல்பு, அதற்கு மருந்து தேடி அலையாதீர்கள்.

உங்கள் கொடியில் பெண் பூவும் வந்துவிட்டது, மகரந்தம்தான் சேரவில்லை. சுரைப்பூ மாலையில் விரிகிற பூ. இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள்தான் அதற்குத் துணை. நகரத்து மூன்றாம் மாடிக்கு அவை எத்தனை வரும்? ஆகவே நீங்களே செய்துவிடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அன்று விரிந்த ஆண் பூவொன்றைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவே மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். சேர்ந்துவிட்டால் பிஞ்சு மூன்று நான்கு நாளில் பளபளவென்று பருக்கத் தொடங்கும், காம்பு கீழ்நோக்கி வளையும். பீர்க்கும் மாலைப் பூதான். புடல் இருட்டிய பிறகு விரியும். பூசணி, பாகல், வெள்ளரிக்குக் காலை ஒன்பது மணிக்குள் செய்துவிட வேண்டும். எங்கள் குடும்பம் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் ஏற்றிய குடும்பம். பந்தல் காட்டில் பூப்பிடிக்கும் காலத்தில் மருந்தடிக்க அப்பா விடமாட்டார். பூச்சி வராத பந்தலில் காயும் வராது என்பார். மாடிக்கும் அது பொருந்தும்.

உரத்தை உடனே நிறுத்துங்கள். தழைச்சத்து மிகுந்தால் இலை பெருக்கும், பெண் பூ பின்தங்கும். கொடியின் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக்கிளைகளில் பெண் பூ அதிகம் வரும்.

உதிர்ந்த பிஞ்சை ஒருமுறை பிளந்தும் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. அப்படியானால் காய் பிடித்த மறுநாளே தாள் உறையோ மெல்லிய துணியோ கட்டிவிட வேண்டும். விழுந்த பிஞ்சைச் செடிக்கடியில் விடாமல் பொறுக்கி, தண்ணீரில் நாள்கணக்கில் மூழ்கவைத்துப் பிறகு எறியுங்கள்.

சித்திரையில் தக்காளி நாற்று வாங்கி வைத்தேன். பூத்துப் பூத்து எல்லாம் கொட்டிவிட்டது.
- வாசகர், வேலூர்

வேலூரின் கத்திரி வெயிலில் தக்காளி என்ன செய்யும்? பகலில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவும் குளிராமல் புழுங்கும் நாட்களில் மகரந்தம் வீணாகி, பூ கொட்டிவிடும். செடியில் கோளாறு இல்லை, மாதம்தான் தவறு. இப்போது விதை போட்டு நாற்று விடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் நனைந்து அழுகாமல் இருக்கப் பையைக் கூரை ஓரமாக நகர்த்திக்கொள்ளலாம். மழைக்கு அஞ்சுகிறவர்கள் கார்த்திகையில் நாற்று விடலாம், தை மாசியில் நன்றாகக் காய்க்கும். காயின் அடிப்பகுதி கருத்து அமுங்கினால் அது பெரும்பாலும் தண்ணீரை ஒருநாள் வெள்ளமாகவும் மறுநாள் வறட்சியாகவும் விட்டதால் வருவது. சுண்ணாம்புச்சத்து மண்ணில் இருந்தும் காய்க்குப் போய்ச் சேராது. தினமும் ஒரே அளவு ஊற்றுங்கள்.

கத்தரியிலும் செம்பருத்தியிலும் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளைப் பூச்சி. என்ன மருந்து அடிப்பது?
- வாசகி, பொள்ளாச்சி

மாவுப்பூச்சி. அடிப்பதற்கு முன் கழுவுங்கள். பழைய பல்துலக்கியால் தேய்த்து, குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பாதி போய்விடும். அதிகம் அடைந்த கிளையை வெட்டி எரித்துவிடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் இலைக்கு அடியில் படும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். வெயிலில் தெளித்தால் இலை கருகும். எறும்பையும் தடுக்க வேண்டும். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்புதான் அதைக் காவல் காக்கிறது.

உங்கள் பகுதிக்கு இந்தப் பூச்சியின் கதை தெரிந்திருக்கும். 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று மேற்கு மாவட்டங்களையே உலுக்கியது. எந்த மருந்துக்கும் கட்டுப்படவில்லை. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. கடும் நஞ்சை மாடியில் அடிக்காதீர்கள் என்று நான் மன்றாடுவதற்குக் காரணம் இதுதான். நஞ்சு முதலில் கொல்வது குளவியையும் பொறிவண்டையும். இன்னொன்று, மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே அதைப்போலவே வெண்பஞ்சு போர்த்திய, ஆனால் பெரிதாகவும் சுறுசுறுப்பாகவும் ஊர்கிற புழுவைக் கண்டால் நசுக்காதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் குஞ்சு.

ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. செடியின் இலை ஓரம் கருகுகிறது, மண் மேல் வெள்ளையாகப் பூக்கிறது.
- வாசகர், இராமநாதபுரம்

பீன்ஸை மறந்துவிடுங்கள், உப்பை அது கொஞ்சமும் தாங்காது. கொத்தவரை, பாலக்கீரை, குளிர்மாதங்களில் பீட்ரூட் ஆகியவை தாங்கும். மண் மேல் படிந்த வெள்ளைப் பொருக்கைச் சுரண்டி வெளியே எறியுங்கள். பையின் அடித்துளைகள் அடைபடாமல் இருக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமாக நனைப்பதைவிட, அவ்வப்போது அடியில் வழியும்வரை நன்றாக ஊற்றினால் தேங்கிய உப்பு கழுவிக்கொண்டு போகும். உண்மையான மருந்து மழைநீர். 100 சதுர அடித் தளத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 90 லிட்டர் கிடைக்கும். 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட குழாய் உங்கள் வீட்டிலும் இருக்கும். அதில் ஒரு பீப்பாயை இணைத்து, வலையால் மூடிவையுங்கள். நாற்றுக்கும் விதைக்கும் மட்டுமாவது அந்த நீர். சுத்திகரிப்பு இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். அது உங்கள் கிணற்று நீரைவிட உப்பு.

கறிவேப்பிலைக் கன்று வைத்து எட்டு மாதம். ஒரு சாண் உயரத்திலேயே நிற்கிறது.
- வாசகி, நாகர்கோவில்

கறிவேப்பிலை முதலாண்டில் மெதுவாகத்தான் வரும். வெயிலில் இருக்கிறதா, பை சிறிதா என்று மட்டும் பாருங்கள். வேர் சுருண்டிருந்தால் பெரிய பைக்கு மாற்றுங்கள். இலை இலையாகப் பறிக்காமல் நுனியோடு கிள்ளினால் பக்கத்தில் கிளைக்கும். புளித்த மோரைத் தண்ணீராக விளாவி மாதம் இருமுறை ஊற்றும் வழக்கம் நல்லதே. இலைமேல் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. வளர்ந்தால் பச்சையாகி ஒரே வாரத்தில் செடியை மொட்டையடித்துவிடும். கையால் எடுத்து அப்புறப்படுத்தினால் போதும்.

நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். வாடகை வீடு. வாசலில் இரண்டடி இடம்தான் இருக்கிறது. விதை வாங்கக் காசு கேட்டால் அம்மா திட்டுவார். நான் தோட்டம் போட முடியுமா?
- மாணவி, திண்டுக்கல்

முடியும் கண்ணு. அம்மாவிடம் காசு கேட்க வேண்டாம், அஞ்சறைப்பெட்டியைக் கேள். ஒரு கைப்பிடி வெந்தயத்தை இரவில் ஊறவைத்து, ஓட்டை போட்ட எண்ணெய் டப்பாவில் நெருக்கமாகத் தூவு. நான்கு வாரத்துக்குள் கீரை பறிக்கலாம். முழுத் தனியாவை உருட்டி இரண்டாக உடைத்துப் போட்டால் கொத்தமல்லி. முளைக்கப் பத்து நாளுக்கு மேல் ஆகும், அதற்குள் தோண்டிப் பார்க்காதே. சந்தைப் புதினாவில் கிள்ளியதுபோக மிஞ்சும் தண்டையும், கொடிப் பசலையின் தண்டையும் ஈரமண்ணில் சாய்த்து நட்டால் வேர்விடும். வறுக்காத மிளகாய் வற்றலின் விதையையும் போட்டுப் பார்.

தண்ணீர் ஊற்றுமுன் ஒவ்வொரு நாளும் ஆட்காட்டி விரலை மண்ணில் ஒரு கணு அளவு நுழை. ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம், காய்ந்திருந்தால் ஊற்று. மண்ணுக்குப் பக்கத்துக் காலிமனையில் வெறுமனே அள்ளாமல், கண்ணாடித் துண்டு இல்லாத இடமா என்று பெரியவர் ஒருவரோடு போய்ப் பார்த்து அள்ளு. காய்ந்த இலைச்சருகை அதில் பாதி கலந்துகொள். ஆடிக்காற்று உங்கள் ஊரில் பலமாக வீசும். டப்பாக்களைச் சுவரோரமாகச் செங்கலுக்கு நடுவில் வை.